‘அலையன்ஸ்’: கூட்டணியா, கூட்டமைப்பா?

“திருச்சபைகளின் இரண்டு உதவிக் கூட்டணிகள் இணைந்தன” என்று ஒரு வரி எழுதினால், படிப்பவர் இரண்டு இடங்களில் இடறுவார். ‘கூட்டணி’ என்றதும் தொகுதிப் பங்கீடு நினைவுக்கு வரும். ‘இணைந்தன’ என்றதும் உள்ளே இருந்த நிறுவனங்கள் எல்லாம் கலைந்து ஒன்றாகிவிட்டன என்று தோன்றும். 2010 ஜனவரி 1 அன்று ஜெனீவாவைத் தலைமையிடமாகக் கொண்டு பிறந்த ‘ஆக்ட் அலையன்ஸ்’ விஷயத்தில் இரண்டுமே தவறான புரிதல்.

முதலில் நடந்தது என்ன என்று பார்த்துவிடுவோம். ‘ஆக்ட்’ என்பது ‘ஆக்‌ஷன் பை சர்ச்சஸ் டுகெதர்’ என்பதன் சுருக்கம். திருச்சபைகள் சேர்ந்து செய்யும் செயல் என்று பொருள். உலகத் திருச்சபைகள் மன்றமும் (1948இல் ஆம்ஸ்டர்டாமில் தோன்றியது) லுத்தரன் உலக சம்மேளனமும் (1947, ஸ்வீடனின் லுண்ட் நகரம்) பேரிடர் உதவியை ஒருங்கிணைக்க 1995இல் ‘ஆக்ட் இன்டர்நேஷனல்’ என்ற வலையமைப்பை உண்டாக்கின. புயல், போர், நிலநடுக்கம் என்று வந்தால் வேண்டுகோள் விடுத்துப் பணம் திரட்டுவது அதன் வேலை. நீண்டகால வளர்ச்சிப் பணிக்கென்று 2007இல் ‘ஆக்ட் டெவலப்மென்ட்’ என்ற இன்னொன்று வந்தது. சிக்கல் அங்கேதான். புயலடித்த வாரம் தார்ப்பாய் கொடுக்கிற நிறுவனமும், அடுத்த ஆண்டு அதே ஊரில் குளம் தூர்வார உதவுகிற நிறுவனமும் பெரும்பாலும் ஒன்றே. ஒரே நிறுவனம் இரண்டு அமைப்புகளில் உறுப்பினராகி, இரண்டு நிர்வாகக் குழுக்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. மூன்றே ஆண்டுகளில் இரண்டையும் ஒன்றாக்கினார்கள்.

ஒன்றானவை அந்த இரண்டு வலையமைப்புகள் மட்டுமே. உறுப்பினர்களான பிரிட்டனின் கிறிஸ்டியன் எய்டு, நார்வே சர்ச் எய்டு, இந்தியாவில் சபைகளின் சமூகப்பணி நிறுவனமான காசா ஆகியவை அவரவர் பதிவு, அவரவர் வங்கிக் கணக்கு, அவரவர் நிர்வாகக் குழுவோடு அப்படியே இருக்கின்றன. வெளியில் தெரிந்த மாற்றம், கடிதத்தாளில் தங்கள் சின்னத்துக்குப் பக்கத்தில் ‘ஆக்ட் அலையன்ஸ் உறுப்பினர்’ என்ற அடையாளம் ஏறியதுதான்.

இனி சொல்லுக்கு வருவோம். ‘அலையன்ஸ்’ பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். வேர் லத்தீனின் ‘அல்லிகாரே’. ‘அட்’ என்றால் ஒன்றை நோக்கி, ‘லிகாரே’ என்றால் கட்டு. ஒன்றோடு ஒன்றைக் கட்டுவது. எலும்புகளைக் கட்டிவைக்கும் தசைநாருக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘லிகமென்ட்’ இதே வேரில் வந்தது. எலும்பு இரண்டும் தனித்தனி எலும்பாகவே இருக்கும். கட்டு மட்டும் பொது. நம் வீடுகளில் “பொண்ணுக்கு ஒரு அலையன்ஸ் வந்திருக்கு” என்கிறோமே, அதுவும் இதே சொல்தான். சம்பந்தம் செய்துகொள்ளும் இரண்டு குடும்பங்கள் ஒரே குடும்பமாகிவிடுவதில்லை.

தமிழில் இதற்கு முதலில் நிற்கும் சொல் ‘கூட்டணி’. கூட்டு, அணி. அணி என்பது வரிசை, படைவகுப்பு. சேர்ந்து நிற்கும் படை என்ற பொருள் தேர்தலுக்குப் பொருந்துகிறது. எதிரில் யாரோ இருக்க வேண்டும். உதவிப் பணிக்கு எதிரணி இல்லை. அதனால் ‘கூட்டமைப்பு’ பொருத்தமானது என்பது எங்கள் முடிவு. அமைப்புகளின் அமைப்பு, உள்ளே இருப்பவை அமைப்புகளாகவே தொடர்கின்றன என்பதைச் சொல்லே காட்டிவிடுகிறது. இந்தத் தேர்வுக்கு ஈழத்து வழக்கிலும் முன்மாதிரி உண்டு. 1976இல் ‘ஃப்ரன்ட்’ என்று ஆங்கிலத்தில் பெயர் கொண்ட கட்சி தமிழில் தமிழர் விடுதலைக் கூட்டணி ஆனது. 2001இல் ‘அலையன்ஸ்’ என்று ஆங்கிலத்தில் சொன்னது தமிழில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு ஆனது. அகராதியைத் திறந்து ஆங்கிலச் சொல்லுக்கு நேரே இருப்பதை எடுத்துவைத்திருந்தால் முதலாவது ‘முன்னணி’ என்றும் இரண்டாவது ‘கூட்டணி’ என்றும் ஆகியிருக்கும்.

‘ஒன்றியம்’ என்று எழுதுவோரும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் நிலைத்துவிட்டது, சரி. ஆனால் தமிழ்நாட்டில் ஒன்றியம் என்றால் ஊராட்சி ஒன்றியம், பி.டி.ஓ. அலுவலகம். மேலும் ஒன்றியத்துக்கு உறுப்பினர் தன் அதிகாரத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுக்கிறார். ஆக்ட் அலையன்ஸில் அவ்வளவு விட்டுக்கொடுப்பு கிடையாது.

‘மெர்ஜர்’ என்பதற்குத்தான் தமிழில் சொல் தடுமாறுகிறது. வங்கி இணைப்பு என்கிறோம். மின் இணைப்பு என்கிறோம். மின்னஞ்சலில் கோப்பு அனுப்பினால் அதுவும் இணைப்பு. கட்டுவதற்கும் கரைவதற்கும் ஒரே சொல். சமையலறையில் இந்தக் குழப்பம் இல்லை. கூட்டில் பருப்பும் பூசணியும் சேர்ந்திருக்கும், பூசணித் துண்டு பூசணியாகவே தெரியும். மசியலில் எது எங்கே என்று பிரிக்க முடியாது. சங்கங்கள் கலந்து ஒன்றாவதற்கு நம் நாட்டுச் சட்டம் ‘அமால்கமேஷன்’ என்கிறது. அமால்கம் என்றால் பாதரசத்தில் பொன்னோ வெள்ளியோ கரைந்த கலவை. அதன் பின்னால் இருப்பது மென்மையாக்கும் பூச்சு என்ற பொருளுடைய ‘மலக்மா’ என்ற கிரேக்கச் சொல் என்பார்கள். மசியலேதான்!

ஆகவே, தனித்தனியாக இருந்துகொண்டு சேர்வதை ‘இணைதல்’ என்றும், ஒன்று மற்றொன்றில் கரைவதை ‘ஒன்றாதல்’ அல்லது ‘ஒன்றிணைப்பு’ என்றும் பிரித்து ஆளலாம். முதல் வரியைத் திருத்தினால் இப்படி வரும்: “திருச்சபை சார்ந்த துயர்துடைப்பு வலையமைப்பும் வளர்ச்சிப்பணி வலையமைப்பும் ஒன்றிணைந்து ஒரே கூட்டமைப்பாயின; உறுப்பு நிறுவனங்கள் தனித்தே தொடர்கின்றன.” கொஞ்சம் நீளம்தான். ஆனால் காசாவை மூடிவிட்டார்களா என்று யாரும் தொலைபேசியில் கேட்க மாட்டார்கள்.

முழுக்கக் கரைந்த கதைகளும் உண்டு. சுவிட்சர்லாந்தில் ஹெக்ஸ், ப்ரோட் ஃபியூர் அல்லே என்ற இரண்டு புராட்டஸ்டன்ட் உதவி நிறுவனங்கள் 2022 ஜனவரி 1 முதல் ஒரே நிறுவனம். ஜெர்மனியில் ஷ்டுட்கார்ட்டிலிருந்த ப்ரோட் ஃபியூர் டி வெல்ட்டும் பான் நகரத்திலிருந்த இ.இ.டி. என்ற சபைசார் வளர்ச்சி நிறுவனமும் 2012இல் பெர்லினுக்குப் பெயர்ந்து, டயக்கோனி என்ற சமூகப்பணி அமைப்போடு ஒரே கூரையின் கீழ் வந்தன. (ப்ரோட் என்றால் ரொட்டி. தமிழ் வேதாகமத்தில் அது ‘அப்பம்’. உலகுக்கு அப்பம் என்றால் நமக்குச் சட்டென்று புரியும்.) இங்கே ‘ஒன்றிணைப்பு’ என்று தயங்காமல் எழுதலாம். இதற்கு நேர் எதிரான எடுத்துக்காட்டு பியாஃப்ரா. நைஜீரிய உள்நாட்டுப் போரின்போது 1968இல் கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட் அமைப்புகள் சேர்ந்து, சாவோ டோமே தீவிலிருந்து இரவோடு இரவாக ஊலி என்ற நெடுஞ்சாலை ஓடுதளத்துக்கு உணவு ஏற்றிச் சென்றன. 5,000க்கும் மேற்பட்ட பறப்புகள். வேலை முடிந்ததும் அவரவர் வழி. அது வெறும் ‘கூட்டு’. கூட்டு, கூட்டமைப்பு, ஒன்றிணைப்பு என்ற இந்த மூன்று படிகளில் எது நடந்தது என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டு எழுத வேண்டும்.

கேட்பது எளிது, சட்டம் பதில் சொல்லிவிடும். சுவிட்சர்லாந்தின் ஒன்றிணைப்புச் சட்டம் 2004 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. அது இரண்டு வழிகளைப் பிரிக்கிறது: ஒன்று மற்றொன்றை உட்கொள்வது, இரண்டும் கரைந்து புதிதாக மூன்றாவது ஒன்று பிறப்பது. சங்கமாக இருந்தால் பொதுக்குழுவுக்கு வந்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் ஒப்ப வேண்டும். இந்தியாவில் 1860ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு இன்னும் நிதானமானது. முன்மொழிவை எழுத்தில் அனுப்பி, பத்து நாள் கழித்துச் சிறப்புக் கூட்டம் கூட்டி, ஐந்தில் மூன்று பங்கு வாக்கு வாங்க வேண்டும். பிறகு ஒரு மாத இடைவெளி விட்டு இரண்டாவது கூட்டத்தில் அதே ஐந்தில் மூன்று பங்கினர் உறுதிப்படுத்த வேண்டும். (தமிழ்நாட்டில் பதிவான சங்கங்களுக்கு 1975ஆம் ஆண்டின் தனிச் சட்டம்.) கூட்டமைப்பில் சேர இத்தனை படி ஏற வேண்டாம்.

இந்தியாவில் இந்த வேறுபாடு பணத்திலும் தெரியும். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2020 செப்டம்பரில் திருத்தப்பட்டபின், ஒரு நிறுவனம் பெற்ற வெளிநாட்டுப் பணத்தை, பதிவுபெற்ற இன்னொரு நிறுவனத்துக்குக்கூட மாற்றித்தர முடியாது. நிர்வாகச் செலவு உச்சவரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20ஆனது. பணம் முதலில் வந்திறங்க வேண்டிய இடம் பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளை. ஆக, கூட்டமைப்பின் ஓர் உறுப்பினர் பணத்தை வாங்கி மற்றவர்களுக்குப் பங்கிடும் பழைய ஏற்பாடு இங்கே செல்லாது. ஒவ்வோர் உறுப்பினருக்கும் நேராக அவரவர் கணக்குக்கே வர வேண்டும். “கூட்டமைப்புக்குப் பணம் வந்தது” என்று செய்திக்குறிப்பில் எழுதிவிட்டால் தணிக்கையாளர் கேள்வி கேட்பார். எந்த உறுப்பினருக்கு வந்தது என்று எழுதுங்கள். துயர்துடைப்புக்கென்று திரட்டிய பணமும் அப்படித்தான். இரண்டு வலையமைப்புகள் ஒன்றான பிறகும், தார்ப்பாய்க்கு வந்த தொகையைக் குளத்துக்குச் செலவிட முடியாது. கொடுத்தவர் சம்மதம் எழுத்தில் வேண்டும்.

இவ்வளவுக்கும் அடியில் இருக்கும் மூலச்சொல் ஒன்று உண்டு: ‘டயகோனியா’. கிரேக்கத்தில் பணிவிடை, பந்தியில் பரிமாறுவது. சபைசார் உதவி நிறுவனங்கள் தங்கள் வேலையை இப்பெயரால்தான் அழைக்கின்றன. பழைய தமிழ் வேதாகமம் இதை இடத்துக்கு இடம் மாற்றிப் பெயர்த்திருக்கிறது. கொரிந்தியருக்கான இரண்டாம் நிருபத்தில் ‘தர்ம சகாயம்’. வேறு இடங்களில் ‘ஊழியம்’. அப்போஸ்தலர் ஆறாம் அதிகாரத்தில் விதவைகளுக்கு உணவு பகிர்வதில் தகராறு வருகிறது. அங்கே அது ‘அன்றாட விசாரணை’, ‘பந்திவிசாரணை’. இன்று விசாரணை என்றால் காவல் நிலையம். அன்று, சாப்பிட்டாயா, இலையில் சாதம் இருக்கிறதா என்று கேட்டுக் கவனிப்பது; “வந்தவங்கள நல்லா விசாரிச்சு அனுப்பு” என்று ஊர்ப்பக்கம் சொல்வதில் அந்தப் பொருள் இன்றும் மிச்சமிருக்கிறது. யாருக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று கேட்டறிவதும் அதற்குள் அடக்கம் என்பதால், உதவிப் பணிக்கு இதைவிடக் கூர்மையான தமிழ்ச்சொல் கிடைப்பது அரிது. திரும்பக் கொண்டுவர முடியாது என்பது வேறு விஷயம். ‘திருத்தொண்டு’ நல்ல மாற்று. குருவுக்கு அடுத்த நிலையில் பணியாற்றும் டீக்கனைக் கத்தோலிக்கர் திருத்தொண்டர் என்கிறார்கள். அதே சொல்லைக் கேட்டால் சைவருக்குப் பெரியபுராணம் நினைவுக்கு வரும், பாதகமில்லை.

இன்னொரு நுணுக்கம். ‘திருச்சபை சார்ந்த’ என்று எழுதினால் தமிழகத்தில் அது புராட்டஸ்டன்ட் வாடை வீசும். கத்தோலிக்கர் இப்போது ‘திருஅவை’ என்றே எழுதுகிறார்கள். ஆக்ட் அலையன்ஸில் புராட்டஸ்டன்ட், ஆர்த்தடாக்ஸ் சபைகளைச் சேர்ந்த நிறுவனங்களே இருப்பதால் ‘திருச்சபை’ சரி. கத்தோலிக்கரின் கூட்டமைப்பு காரித்தாஸ். அதைப் பற்றி எழுதும்போது ‘திருஅவை’. வளர்ச்சி என்பதை இலங்கையில் அபிவிருத்தி என்பார்கள். இரண்டு கரைக்கும் போகும் அறிக்கையில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நில்லுங்கள்.

ஒன்றிணைப்பு நடந்தாலும் பழைய பெயர் லேசில் சாகாது. 1908இல் உருவான தென்னிந்திய ஐக்கிய சபை (ஆங்கிலச் சுருக்கம் எஸ்.ஐ.யு.சி.), ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளோடு சேர்ந்து 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபையாக மாறியது. அந்தப் பழைய சபை மறைந்து முக்கால் நூற்றாண்டு தாண்டியும், கேரளத்தின் பிற்பட்டோர் பட்டியலில் ‘எஸ்.ஐ.யு.சி. நாடார்’ என்ற பெயர் இருக்கிறது. எனவே 2010க்கு முந்தைய கோப்புகளில் ‘ஆக்ட் இன்டர்நேஷனல்’ என்று இருந்தால் அதைத் திருத்தாதீர்கள். அன்று அதுதான் பெயர். சுனாமி நிவாரணக் கணக்குகள் அந்தப் பெயரில்தான் முடிந்திருக்கும்.

கடைசியாக, தமிழில் மட்டும் வரும் ஒரு தொல்லை. ‘காசா’ என்பது 1947இல் பிரிவினை அகதிகளுக்கு உதவத் தொடங்கி, இன்று 24 புராட்டஸ்டன்ட், ஆர்த்தடாக்ஸ் சபைகளின் சமூகப்பணிக் கரமாக இயங்கும் இந்திய நிறுவனம். பாலஸ்தீனத்தின் காசாவுக்கும் தமிழில் அதே இரண்டெழுத்து. ஆக்ட் அலையன்ஸ் உறுப்பினர்கள் அங்கேயும் வேலை செய்கிறார்கள். “காசாவுக்கு நிதி” என்று தலைப்புப் போடும் முன், நிறுவனமா நிலப்பகுதியா என்று ஒரு சொல் கூட்டிவிடுங்கள்.