இரண்டு பிசகும் சேர்ந்தால் சரியாகிவிடுமா?

மேலூர்ப் பக்கம் 45 வயது விவசாயி ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வரப்பில் நடக்கும்போது தலை கிறுகிறுக்கிறது. பித்தம் என்று வீட்டில் இஞ்சிச் சாறு கொடுக்கிறார்கள். ஒருநாள் மதுரை மாட்டுத்தாவணியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மயங்கி விழுகிறார். அரசு ராஜாஜி மருத்துவமனையில் நாடி பிடித்தால் நிமிடத்துக்கு 38. பிறவி இதயக் கோளாறு என்றாலே உதடு நீலம் பாரித்த குழந்தைதான் நமக்கு நினைவுக்கு வரும். நெல் மூட்டை சுமந்த ஆளிடம் அதைத் தேட யாருக்குத் தோன்றும்?

ஈசிஜியும் ஆளை ஏமாற்றும். இருக்கக் கூடாத இடத்தில் கியூ அலைகள் (துடிப்பின் தொடக்கத்தில் கீழே இறங்கும் கோடுகள்) தெரியும். பழைய ஹார்ட் அட்டாக் என்று எழுதிவிட இதுவே போதும். உண்மையில் இதயத்தின் நடுச்சுவரில் மின்துடிப்பு எதிர்த்திசையில் பரவுவதால் வரும் கோலம் அது.

இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோவில்தான் குட்டு உடைகிறது. உடல் முழுவதற்கும் ரத்தம் தள்ளும் இடப்பக்க அறையின் உட்சுவர் கரடுமுரடாக, தசைப் பட்டைகளோடு இருக்கிறது. அதன் வால்வும் வழக்கத்தைவிட நுனிப்பக்கம் தள்ளி அமைந்திருக்கிறது. இரண்டுமே வலது வென்ட்ரிக்கிளின், அதாவது வலது கீழறையின், அடையாளங்கள். அறைகள் இடம் மாறிவிட்டன!

கருவின் நான்காம் வாரத்தில் இதயம் வெறும் குழாய். அது வலப்பக்கம் வளைய வேண்டும்; இவருக்கு இடப்பக்கம் வளைந்துவிட்டது. கூடவே மகாதமனியும் நுரையீரல் தமனியும் இடம் மாறிக்கொண்டன. ஒரு பிசகை இன்னொரு பிசகு ஈடுகட்ட, அசுத்த ரத்தம் நுரையீரலுக்கும் சுத்த ரத்தம் உடலுக்கும் ஒழுங்காகவே போகிறது. வியன்னாவின் நோயியல் மருத்துவர் ரோக்கிடான்ஸ்கி 1875-இல் விவரித்த, ‘கரெக்டட் டிரான்ஸ்பொசிஷன்’ எனப்படும் இந்த அமைப்பு, ஏறத்தாழ 33,000 பிறப்புகளில் ஒன்றில் வருகிறது. பெரும்பாலோருக்குக் கூடவே ஓட்டையோ வால்வுக் கோளாறோ இருப்பதால் சிறுவயதிலேயே பிடிபடும். எதுவும் இல்லாதவர்கள்தான் இப்படி நடுவயதில் வந்து நிற்பார்கள்.

ரத்த ஓட்டம் சரி, தசை? வலது வென்ட்ரிக்கிள் வழக்கமாக 25 மி.மீ. (பாதரச அளவு) அழுத்தத்தில் நுரையீரலுக்கு ரத்தம் தள்ளும் அறை. இங்கே 120-இல் ஆயுள் முழுக்க உழைக்கிறது. மாடித் தொட்டிக்கு வாங்கிய அரை ஹெச்பி மோட்டாரை போர்வெல்லில் மாட்டிய கதை. வருடங்கள் போகப்போக அறை விரியும், வால்வு ஒழுகும், மூச்சு வாங்கும்.

மயக்கத்துக்குக் காரணம் வேறு. மேலறையிலிருந்து கீழறைக்குத் துடிப்பைக் கொண்டுபோகும் மின்பாதை, இடம் மாறிய அறைகளைச் சுற்றி நீண்டு, மெலிந்து கிடக்கிறது. வயதாக ஆக அதில் நார்த்திசு படிகிறது. வருடத்துக்கு நூற்றுக்கு இரண்டு பேர் வீதம் இந்தப் பாதை முழுவதுமாக அடைபடுகிறது. அப்போது கீழறை தன் போக்கில் மெதுவாகத் துடிக்கும். அந்த 38 வந்த வழி இதுதான்.

பேஸ்மேக்கர் வைக்க வேண்டும். அதிலும் ஒரு சிக்கல். மற்றவர்களுக்கு அதன் ஒயர், வலது வென்ட்ரிக்கிளின் கரடுமுரடான தசையில் மாட்டிக்கொண்டு நிற்கும். இவருக்கு வலப்பக்கம் இருப்பதோ வழவழப்பான இடது வென்ட்ரிக்கிள். பிடிமானம் இல்லாமல் நழுவிவிடும். அதனால் நுனியில் திருகாணி உள்ள ஒயரைச் சுவரில் திருகிப் பொருத்துகிறார்கள்.