பீரோவில் பூட்டி வைத்த கல்யாணப் போட்டோ கரைந்தது எப்படி?

போன மாதம் ஒரு வாசகி கேட்டிருந்தார். 2018-ல் நடந்த தம்பி கல்யாணத்தின் போட்டோ மொத்தத்தையும் ஸ்டூடியோக்காரர் ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்திருக்கிறார். அதைப் பட்டுப்புடவைகளுக்கு நடுவில் வைத்துப் பீரோவைப் பூட்டியாயிற்று. யாரும் தொடவில்லை, தண்ணீர் படவில்லை, கீழே விழவில்லை. இப்போது எடுத்துச் செருகினால் 'ஃபார்மட் செய்யட்டுமா?' என்று கேட்கிறதாம். "தொடாமலே வைத்தது எப்படிங்க கெட்டுப்போகும்?"

நியாயமான கேள்வி. ஆனால் முதலில் அவசர வேலை. அந்த ஃபார்மட் கேள்விக்கு 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டு வெளியே எடுத்துவிடுங்கள். வேறு கம்ப்யூட்டர், வேறு யுஎஸ்பி ஓட்டை என்று ஒரு முறை செருகிப் பாருங்கள். அப்போதும் இதே கதை என்றால் போட்டோரெக் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. கோப்புகளின் பட்டியல் சிதைந்துபோயிருந்தாலும் அது கவலைப்படாது, பென்டிரைவை முதலிலிருந்து கடைசி வரை படித்து, ஒரு ஜேபெக் படம் எப்படித் தொடங்கும் என்ற அடையாளத்தை வைத்தே படங்களைப் பொறுக்கி எடுக்கும். ஒரே கவனம், மீட்ட படங்களை அதே பென்டிரைவில் சேமிக்காதீர்கள். கம்ப்யூட்டரில் தனியாக ஓர் ஃபோல்டரைக் காட்டுங்கள்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம்.

பென்டிரைவ், மெமரி கார்டு, போனின் சேமிப்பு, புது கம்ப்யூட்டர்களில் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக இருக்கும் எஸ்எஸ்டி எல்லாமே ஒரே சாதிதான், ஃப்ளாஷ் நினைவகம். டிரான்சிஸ்டர் ஒரு சுவிட்ச் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். மேலே உள்ள 'கேட்' முனையில் போதிய வோல்ட் கொடுத்தால் கீழே மின்சாரம் பாயும். ஃப்ளாஷ் டிரான்சிஸ்டரில் அந்தக் கேட்டுக்குக் கீழே இன்னொரு சின்ன அறை உண்டு. அதற்கு வாசல் கிடையாது, கம்பி கிடையாது, நாலாபுறமும் சிலிக்கான் டை ஆக்சைடு, அதாவது கிட்டத்தட்டக் கண்ணாடிச் சுவர். அந்த அறைக்குள் எலெக்ட்ரான்கள் அடைபட்டிருந்தால் அவற்றின் எதிர்மின்னூட்டம் மேலே இருந்து கொடுக்கும் வோல்ட்டைத் தடுக்கும், சுவிட்ச் எளிதில் திறக்காது. அதை 0 என்று படிக்கிறோம். அறை காலியாக இருந்தால் 1. படிக்கும்போது அறையைத் திறப்பதே இல்லை, வெளியில் நின்று 'உள்ளே ஆள் இருக்கா' என்று கதவைத் தட்டிப் பார்ப்பதோடு சரி. 1967-ல் பெல் ஆய்வகத்தில் டாவன் காங், சைமன் சீ இருவரும் முன்வைத்த அமைப்பு இது. இன்றைய சிப்புகளில் அறைக்குப் பதிலாக எலெக்ட்ரானைப் பிடித்துவைக்கும் வேறொரு படலம் பெரும்பாலும் இருக்கிறது, தத்துவம் அதேதான்.

வாசலே இல்லாத அறைக்குள் எலெக்ட்ரான் எப்படிப் போகிறது? எனக்கு இந்த இடம் எத்தனை முறை படித்தாலும் அலுப்பதில்லை.

எலெக்ட்ரானை ஒரு குட்டிப் பந்தாக நினைத்தால் இதற்குப் பதிலே கிடையாது. பந்து சுவரில் மோதித் திரும்பும், அவ்வளவுதான். ஆனால் எலெக்ட்ரானுக்கு அலையின் குணம் உண்டு. அலை சுவரைத் தொட்ட இடத்தில் கத்தியால் வெட்டியதுபோல் முடிந்துவிடாது, சுவருக்குள்ளும் கொஞ்ச தூரம் தேய்ந்துகொண்டே போகும். சுவர் தடியாக இருந்தால் உள்ளேயே கரைந்துவிடும். சுவர் மெல்லியதாக இருந்தால் மிச்ச அலை ஒரு துளி மறுபக்கம் எட்டிப்பார்க்கும், அந்தத் துளி அளவுக்கு எலெக்ட்ரான் மறுபக்கத்தில் இருக்கவும் வாய்ப்பு உண்டு. சுவரை உடைக்கவில்லை, ஏறிக் குதிக்கவில்லை, அந்தப் பக்கம் இருக்கிறது! இதைத்தான் குவாண்டம் ஊடுருவல் என்கிறார்கள்.

பென்டிரைவில் அந்தச் சுவரின் தடிமன் சுமார் 8 நானோமீட்டர், நம் தலைமுடியின் தடிமனில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஊடுருவலுக்கு அதுவும் தடிதான், சும்மா விட்டால் எலெக்ட்ரான் வருடக்கணக்கில் அந்தப் பக்கமே கிடக்கும். எனவே ஒரு தந்திரம் செய்கிறார்கள். கேட்டில் 20 வோல்ட் அளவுக்குக் கொடுத்தால், செங்குத்தாக நின்ற சுவர் ஒரு பக்கம் சரிந்த மண்மேடு மாதிரி ஆகிவிடுகிறது. அடி அகலம், உச்சி ஒடுக்கம். எலெக்ட்ரான் நிற்கும் உயரத்தில் பார்த்தால் கடக்க வேண்டிய தூரம் பாதிக்கும் கீழே. உடனே எலெக்ட்ரான்கள் பிலுபிலுவென்று உள்ளே போகின்றன. வோல்ட்டை எடுத்ததும் சுவர் பழையபடி நிமிர்ந்துகொள்கிறது, போனவை மாட்டிக்கொண்டன. அந்த ஒரு கணம் சுவருக்குள் இருக்கும் மின்புலம் சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கோடி வோல்ட். காற்றில் பொறி பறக்கச் சென்டிமீட்டருக்கு முப்பதாயிரம் வோல்ட் போதும் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். யுஎஸ்பி கொடுப்பதோ வெறும் 5 வோல்ட். அதை உள்ளேயே குட்டி மின்தேக்கிகளில் நிரப்பி, தோள்மேல் தோள் ஏறி உறியடிப்பதுபோல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி உயர்த்துகிறார்கள்.

இந்த ஊடுருவலுக்கு ஃபௌலர்–நார்டைம் என்று பெயர், 1928-ம் வருடத்து ஆய்வு. அந்த ரால்ஃப் ஃபௌலர் யார் தெரியுமா? 1930-ல் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்துக் கப்பலேறிக் கேம்பிரிட்ஜ் போன நம் சுப்பிரமணியன் சந்திரசேகருக்கு ஆராய்ச்சி வழிகாட்டியாக இருந்தவர். நட்சத்திரம் பற்றிய கணக்கும் உங்கள் பென்டிரைவின் கணக்கும் ஒரே மனிதரின் மேசையில் கிடந்திருக்கின்றன. ஃபௌலருக்கும் நார்டைமுக்கும் அன்று இருந்த கேள்வி, பலமான மின்புலத்தில் உலோகத்திலிருந்து எலெக்ட்ரான் எப்படி வெளியே வருகிறது என்பது மட்டும்தான். 'இதனால் மூன்று வருடத்தில் என்ன பொருள் விற்கலாம்' என்று கேட்டிருந்தால் விழித்திருப்பார்கள். இன்று ஆய்வுக்குப் பணம் கேட்கிற ஒவ்வொரு விண்ணப்பத்திலும் நாம் அதைத்தான் கேட்கிறோம். சரக்கு செய்தவருக்கும் பெரிதாகக் கிடைத்துவிடவில்லை. 1980-களில் ஃப்ளாஷைக் கண்டுபிடித்த ஃபுஜியோ மசுவோகா, தான் வேலை பார்த்த தோஷிபாமீதே வழக்குப் போட்டு, 2006-ல் 8.7 கோடி யென்னுக்குச் சமரசமானார். உலகமெங்கும் எத்தனை கோடி சட்டைப்பைகளில் அவர் வேலை இருக்கிறது என்று நினைத்தால் எனக்கு அந்தத் தொகை வேர்க்கடலை வாங்கத்தான் காணும் என்று தோன்றுகிறது.

இப்போது பீரோவுக்குத் திரும்புவோம். எழுதும்போதும் அழிக்கும்போதும் எலெக்ட்ரான்கள் சுவரைக் கடக்கும் ஒவ்வொரு தடவையும் சுவரில் சின்னச் சின்னக் காயம் விழுகிறது. வயல் வரப்பில் நண்டு வளை போட்டதுபோல. வரப்பு வெளியே நன்றாகத்தான் தெரியும், காலையில் பார்த்தால் தண்ணீர் அடுத்த வயலில் நிற்கும். அப்படித்தான் எலெக்ட்ரான்கள் இந்த ஓட்டைகளில் தங்கித் தங்கி மெல்லக் கசிகின்றன. வெப்பம் ஏற ஏறக் கசிவும் கூடும். மே மாதத்தில் மொட்டைமாடிக்குக் கீழ் அறையில் ஓர் இரும்பு பீரோவுக்குள் எவ்வளவு சூடு இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

போதாததற்கு இன்னொன்று. ஆரம்பத்தில் ஓர் அறைக்கு ஆள் உண்டு, இல்லை என்ற இரண்டே நிலை. ஒரே அறையில் மூன்று பிட் (பிட் என்றால் ஒரு 0 அல்லது 1) வைத்தால் விலை குறையும், ஆனால் எட்டு அளவுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நான்கு பிட் என்றால் பதினாறு. படி அளந்த இடத்தில் இப்போது சிட்டிகை அளக்கிறார்கள், கொஞ்சம் கசிந்தாலும் கணக்கு மாறிவிடும். முதல் வகை சுமார் ஒரு லட்சம் தடவை எழுதி அழிக்கத் தாங்கியது. இன்றைய மூன்று பிட் வகைக்கு ஆயிரத்திலிருந்து மூவாயிரம். சின்னப் பிழைகளைத் திருத்தும் கணக்கு உள்ளேயே இருக்கிறது, அதற்கும் எல்லை உண்டு. வீட்டு எஸ்எஸ்டிக்கான தர அளவுகோல் கேட்பதே, எழுதும் ஆயுள் முடிந்த நிலையில் மின்சாரம் இல்லாமல் 30 டிகிரியில் ஒரு வருடம் தாங்கினால் போதும் என்பதுதான். அதிகம் எழுதப்படாத நல்ல சிப் பல வருடம் தாங்கும். கல்யாண ஆல்பத்தோடு இலவசமாக வரும் பென்டிரைவில் நல்ல சிப் இருக்குமா என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். (சிப்பை நடத்தும் கன்ட்ரோலர் செத்துப்போனாலும் இதே ஃபார்மட் கேள்வி வரும், அப்போது போட்டோரெக்கும் கைவிரித்துவிடும்.)

வருடத்துக்கு ஒரு முறை செருகி எடுத்தால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். போதாது. செருகினால் கரண்ட் வருமே தவிர, கசிந்த எலெக்ட்ரான்கள் திரும்பி வந்துவிடாது. எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு நகலெடுத்து, சரியாகத் திறக்கிறதா என்று பார்த்து, மறுபடி எழுத வேண்டும். அதைவிட ஒரு ஹார்ட் டிஸ்க், இணையத்தில் ஒரு நகல், முக்கியமான ஐம்பது படங்களுக்குக் காகிதப் பிரதி என்று வைத்துக்கொள்வது நிம்மதி. ஹார்ட் டிஸ்க் காந்தத்தில் எழுதுகிறது, அதற்கு இந்தக் கசிவு கிடையாது, கீழே போடாமல் இருக்க வேண்டும்.

அப்புறம் 'சேஃப்லி ரிமூவ்' பற்றியும் கேட்கிறார்கள். 2018-ன் கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, நகல் முடிந்ததும் பிடுங்கலாம் என்பதே வழக்க அமைப்பு. ஆனால் விளக்கு மினுக்கும்போது பிடுங்காதீர்கள். ஃப்ளாஷில் கொஞ்சம் கொஞ்சமாக எழுதலாம், ஆனால் அழிப்பதென்றால் ஒரு பெரிய பகுதியை மொத்தமாகத்தான் அழிக்க முடியும், அதனால் உள்ளே எதையாவது இடம் மாற்றி, எது எங்கே என்ற வரைபடத்தைத் திருத்திக்கொண்டே இருக்கும். அந்த நேரம் பார்த்து இழுத்தால் வரைபடம் அரைகுறை. லினக்ஸில் 'முடிந்தது' என்று காட்டிய பிறகும் பாதி இன்னும் கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவகமான ராமில் நிற்கலாம், அங்கே கட்டாயம் எஜெக்ட்.

மாதம் ஒரு முறை முழு ஃபார்மட் போட்டால் வேகம் கூடும் என்பது ஆயுத பூஜைக்கு யுஎஸ்பி ஓட்டையில் சந்தனம் வைப்பது மாதிரி. சந்தனம் வைத்தவரை நான் பார்த்திருக்கிறேன், குண்டூசியால் சுரண்டி எடுத்தோம். பூஜை செய்யுங்கள், பொட்டை மானிட்டரின் பின்பக்கம் வையுங்கள்.

வாசகியிடமிருந்து நேற்றுப் பதில் வந்தது. போட்டோரெக்கை ராத்திரி முழுக்க ஓட விட்டிருக்கிறார். பாதிக்கு மேல் படங்கள் முழுசாக வந்துவிட்டன, சிலது திறக்கவே இல்லை. மாலை மாற்றும் படத்தில் மட்டும் தம்பியின் கழுத்து வரைக்கும் பளிச்சென்று இருக்கிறது, அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். மாலை எந்தப் பூ என்று வீட்டில் இப்போது சண்டையாம்.