கொழும்பில் வேலை, யாழ்ப்பாணத்தில் காத்திருப்பு

இலங்கையின் வேலையின்மை வீதம் கடந்த சில ஆண்டுகளாக 5 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. அதைப் படிப்பு வாரியாகப் பிரித்துப் பார்த்தால் ஒரு விநோதம் தெரியும். உயர்தரமும் அதற்கு மேலும் படித்தவர்களிடையே வேலையின்மை கூடுதல். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்களிடையே குறைவு. 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி பெருந்தோட்டங்களில் மூன்றில் ஒருவர் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தார். நகரங்களில் நூற்றுக்கு ஆறு பேர்தான். ஆனாலும் கொழுந்து பறிக்க ஆளில்லை என்பதே தோட்டக் கம்பனிகளின் முறைப்பாடு.

இதற்குப் பாதி விடை எண்ணும் முறையிலேயே இருக்கிறது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 15 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் கேட்பது, போன கிழமை ஒரு மணித்தியாலமாவது வேலை செய்தீர்களா என்றுதான். குடும்பக் கடையில் சம்பளமில்லாமல் நின்றாலும் அது வேலையே. வேலை செய்யாமல், கடந்த நான்கு கிழமைகளுக்குள் வேலை தேடி, கிடைத்தால் போகத் தயாராகவும் இருப்பவர் மட்டுமே ‘வேலையற்றவர்’. தேடிக் களைத்து விட்டவர் கணக்கிலேயே வரமாட்டார். வேலைக்கு வர நினைத்துப் பிறகு வீட்டோடு தங்கிவிட்ட பெண்களும் அப்படித்தான். வேலை செய்கிறவர்களும் வேலை தேடுகிறவர்களும் சேர்ந்ததே தொழிற்படை; நாட்டில் பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்தான் அதில் இருக்கிறார்.

அதனால் வேலையற்றிருக்கவும் ஒரு வசதி வேண்டும். அன்றாடங்காய்ச்சி எந்த வேலை கிடைத்தாலும் போவார், கணக்கில் ‘தொழில் உள்ளவர்’ ஆகிவிடுவார். பட்டதாரிப் பிள்ளைக்கு அப்பாவின் பென்ஷனோ கனடாவில் இருக்கும் அண்ணனின் காசோ துணை நிற்கும். அரச நியமனம் வரும்வரை பொறுத்திருக்கலாம். அதைச் சோம்பல் என்று திட்டுகிறவர்கள் கணக்குப் பார்ப்பதில்லை. ஓய்வூதியம், வேலைப் பாதுகாப்பு, ஊரோடு இருக்கும் வாய்ப்பு, கலியாணச் சந்தையில் மதிப்பு எல்லாவற்றையும் கூட்டினால் சில வருடக் காத்திருப்பு நியாயமான முதலீடுதான். அதுவும் ஊரில் தனியார்துறை மெலிந்திருந்தால் வேறு எதற்குக் காத்திருப்பது?

வடக்கு கிழக்கில் அது மெலிந்ததற்குக் காரணம் உண்டு. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1990இல் யுத்தத்தால் நின்றது. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலைக்கும் அதே கதி. ஓர் ஆலை மூடினால் அதற்கு லொறி ஓட்டியவர், வாசலில் சாப்பாட்டுக்கடை வைத்தவர், இயந்திரம் திருத்தியவர் எல்லாரும் போய்விடுவார்கள். மறுபக்கம், கட்டுநாயக்க வர்த்தக வலயம் 1978இலும் பியகம அதற்குப் பிறகும் மேல் மாகாணத்திலேயே எழுந்தன. துறைமுகமும் விமான நிலையமும் வங்கித் தலைமையகங்களும் இங்கேதான். நாட்டின் உற்பத்தியில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் இந்த ஒரு மாகாணத்தில்.

அப்படியானால் எல்லாரும் கொழும்புக்கு வந்துவிட வேண்டியதுதானே? 1970இல் ஜோன் ஹாரிஸ், மைக்கல் டொடாரோ என்ற இரு பொருளியலாளர்கள், கென்யா போன்ற நாடுகளைப் பார்த்து, இதற்கு ஒரு மாதிரியை எழுதினார்கள். நகரத்துக்கு வருகிறவர் சம்பளத்தை மட்டும் பார்ப்பதில்லை, அது கிடைக்கும் வாய்ப்பையும் பெருக்கிப் பார்க்கிறார்.

ஊரில் மாதம் 40,000 ரூபா, நகரத்தில் 80,000 என்று வைத்துக்கொள்வோம். நகரத்தில் 50 வேலைகள், போட்டிக்கு 100 பேர். வாய்ப்பு அரைவாசி, எதிர்பார்க்கக்கூடிய வருமானம் 40,000. ஊரும் நகரமும் சமம், எவரும் நகரமாட்டார். இப்போது அரசு நகரத்தில் 10 வேலைகளைக் கூட்டுகிறது. 100 பேருக்கு 60 வேலைகள் என்றால் எதிர்பார்ப்பு 48,000 ஆகிறது. ஊரிலிருந்து ஆட்கள் புறப்படுகிறார்கள். வாய்ப்பு மறுபடி அரைவாசியாகும்வரை, அதாவது 120 பேர் சேரும்வரை, வருகிறார்கள். 60 பேருக்கு வேலை; வேலையில்லாதவர் 60 பேர். முன்பு 50. வேலை கொடுத்ததாலேயே வேலையற்றோர் கூடிவிட்டார்கள்.

கொழும்பில் இது முழுதாகப் பலிக்கவில்லை. வெயாங்கொடையிலிருந்தும் பாணந்துறையிலிருந்தும் காலை ரயிலில் தொங்கிக்கொண்டு கோட்டைக்கு வருகிறவர் மாலையில் வீடு திரும்பிவிடுகிறார். வேலை தேடுகிறவரும் வீட்டில் இருந்தபடியே தேடலாம், நகரத்தில் வாடகை கட்டத் தேவையில்லை. 2012 தொகைமதிப்பில்கூட நகரவாசிகள் 18 சதவீதம் மட்டுமே என்றதற்கு (நகரம் எது என்ற நிர்வாக வரையறையும் ஒரு காரணம்) இந்தப் போக்குவரத்தும் துணை. யாழ்ப்பாணத்திலிருந்து அது முடியாது. ஏறத்தாழ 400 கிலோமீட்டர். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ சொந்தக்காரர் இருந்தால் வரலாம். இல்லையென்றால் முதல் சம்பளம் வருமுன்னமே போர்டிங் முற்பணம் கட்ட வேண்டும். நேர்முகத்தில் சிங்களமும் ஆங்கிலமும் வேண்டும். மலையகப் பொடியன்கள் புறக்கோட்டைக் கடைகளுக்கு வர முடிவதற்கு, முன்பே வந்த ஊர்க்காரர் இடம் பிடித்துக் கொடுப்பது பெரிய உதவி.

மாவட்ட வாரியாக வீதத்தை வரிசைப்படுத்தும் செய்திகள் ஒன்றைச் சொல்லாமல் விடுகின்றன: ஆளை எண்ணுவது வேலைத்தலத்தில் அல்ல, வீட்டில். வெயாங்கொடைக்காரரின் கொழும்பு வேலை கம்பஹா மாவட்டத்துக் கணக்கில் ஏறும். கட்டாருக்குப் போனவர் எந்தக் கணக்கிலும் இல்லை. வேலை தேடிக்கொண்டிருந்த மட்டக்களப்புப் பட்டதாரி வெள்ளவத்தைக்குக் குடிமாறினால், மட்டக்களப்பில் ஒரு வேலைகூட உருவாகாமலே அந்த மாவட்டத்தின் வேலையின்மை வீதம் இறங்கிவிடும்.