சொல் விளக்கம்: காற்றாலை

காற்று + ஆலை. காற்றின் விசையில் இறக்கைகளைச் சுழலவிட்டு மின்சாரம் எடுக்கும் அமைப்பு. செய்தித்தாளும் பாடப்புத்தகமும் இப்படித்தான் எழுதுகின்றன. கன்னியாகுமரி மாவட்டத்தின் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் பேச்சில் அது 'காத்தாடி'.

ஆலை என்பது கரும்பு பிழியும் இடத்துக்கு வழங்கிய பழைய பெயர். 'ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை' என்கிறோமே, அந்த ஆலை. பிறகு நூற்பாலை, அரவை ஆலை, காகித ஆலை என்று இயந்திரம் ஓடுகிற எல்லா இடத்துக்கும் பரவிவிட்டது. விண்ட்மில்லைத் தமிழாக்கியபோது மில்லுக்கு ஆலை வந்து உட்கார்ந்தது. ஆங்கிலத்தில் மில் பொருந்தியதற்குக் காரணம் உண்டு: பாரசீகத்திலும், அப்புறம் ஐரோப்பாவிலும், காற்றைக் கொண்டு நிஜமாகவே தானியம் அரைத்தார்கள். மின்சாரம் வெகு பின்னால் வந்தது. 1887இல் ஸ்காட்லாந்தில் ஜேம்ஸ் பிளைத் என்ற பேராசிரியர் தன் விடுமுறை வீட்டில் காற்று மின்சாரத்தில் விளக்கெரித்தார்.

முப்பந்தலில் நிற்பவை எதையும் அரைப்பதில்லை. ஆகவே இயந்திரத்தை மட்டும் குறிக்க 'காற்றுச் சுழலி' என்ற சொல் உண்டு. டர்பைன் என்பதற்கு நேர் தமிழ் சுழலி. டர்பைனின் லத்தீன் வேரான டர்போவுக்குச் சுழற்காற்று, பம்பரம் என்றெல்லாம் பொருள். பம்பரம் என்றால் நம் காத்தாடி அதற்குப் பக்கத்து வீடு. ஊர்ப்பேச்சைக் கொச்சை என்று தள்ளுகிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் திறந்திருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மலையில் முட்டி, இந்த வாசலில் நெருக்கியடித்து நுழைகிறபோது வேகம் பிடிக்கிறது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்கு. கணவாயின் மதிப்பு அங்கேதான். முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலருகே ஆடி மாதம் நின்று பாருங்கள். வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் பேச முடியும். தலைக்கு மேலே உஷ்... உஷ்... என்று இறக்கை வெட்டும் சத்தம். கம்பிச் சட்டக் கால்களில் நிற்கும் பழைய சிறு சுழலிகள் படபடவென்று சுற்றும்; புதிய பெரியவை சாவகாசமாகத்தான் சுற்றும், ஆனால் ஒன்றே பழையவை பலவற்றின் வேலையைச் செய்துவிடும். உச்சியில் இருக்கும் பெட்டிக்குள் கியர் பாக்ஸ் அந்த மெதுவான சுற்றை ஜெனரேட்டருக்கு வேண்டிய வேகத்துக்கு ஏற்றிக் கொடுக்கும். கியரே இல்லாத வகையும் உண்டு.

எரிபொருள் இல்லை, புகை இல்லை. சுழலியைச் செய்வது, கொண்டுவந்து நிறுத்துவது எல்லாம் கணக்கில் சேர்த்தாலும் ஒரு யூனிட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு கிராம் கரியமில வாயுதான். நிலக்கரியில் அது ஒரு கிலோவை நெருங்கும். 'புதுப்பிக்கத்தக்க ஆற்றல்' என்ற நீளமான தொடரை விட இந்த வித்தியாசம் சீக்கிரம் மனதில் நிற்கும் என்று நினைக்கிறேன்.

ஆனால் 'நம்ம மாவட்டத்துல காத்தாடி கரண்டுதானே' என்று நிம்மதியாக ஏசியை ஓடவிட முடியாது. காற்று சீசன் மே மாதம் தொடங்கி செப்டம்பரோடு ஏறக்குறைய முடிந்துவிடும். மின்சாரமும் ஊர் ஊராகப் பிரித்து வருவதில்லை. எல்லாம் ஒரே கம்பித்தொகுப்பில் கலந்துதான் வீட்டுக்கு வருகிறது. காற்று ஓய்ந்த மாதங்களில் பொழுது சாய்ந்த பிறகு சூரிய மின்சாரமும் இல்லை, நிலக்கரியைத்தான் பெரிதும் நம்ப வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் மிச்சம் பிடிக்கும் யூனிட்டுக்கு மதிப்பு அதிகம். கிணற்று மோட்டாரையும் வாஷிங் மெஷினையும் வெயில் நேரத்துக்கு மாற்றலாம். பழைய சீலிங் ஃபேன் 75 வாட். பிரஷ் இல்லாத மோட்டாரில் ஓடும் பிஎல்டிசி ஃபேன் 30 வாட் அளவில் அதே காற்றைத் தரும். தினமும் பத்து மணி நேரம் ஓடினால் ஆண்டுக்குச் சுமார் 160 யூனிட் மிச்சம், அதுவும் ஒரே ஒரு ஃபேனில்.

சரி, எதை எழுதுவது? தனி இயந்திரத்தின் தொழில்நுட்பம் பேசும்போது காற்றுச் சுழலி. பொதுவாகச் சொல்லக் காற்றாலை. வேர்விட்ட சொல்லைப் பிடுங்க வேண்டியதில்லை. வரிசையாக நிற்கும் இடம் காற்றாலைப் பண்ணை. பிளேடுக்குச் சிலர் 'அலகு' என்று எழுதுகிறார்கள். யூனிட்டுக்கும் அதுவே பெயர் என்பதால் 'அலகு சுழன்று அலகு உற்பத்தியாகிறது' என்று வந்து நிற்கும். இறக்கை என்றே எழுதலாம்.