இன்ட்ரொடியூசர் தரகர் அல்ல

கருவிகளுக்கிடையே கோப்புகளை ஒத்துவைக்கும் சிங்க்திங் மென்பொருளில் வரும் 'இன்ட்ரொடியூசர்' என்பதை வேலூர்ப் பக்கத்துக் கணினி வகுப்புகளில் 'இடைத்தரகர்' என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. இப்போது ஒரு பயிற்சிக் கையேட்டில் அச்சிலேயே வந்துவிட்டது.

மூலம் லத்தீன்: இன்ட்ரோ என்றால் உள்ளே, டூகெரே என்றால் அழைத்துச் செல்வது. பில் சிம்மர்மன் 1991இல் வெளியிட்ட பிஜிபி மறையாக்க மென்பொருளும் இந்தச் சொல்லைக் கையாண்டது. நாம் நம்பும் ஒருவர் இன்னொருவரின் மறையாக்கச் சாவி அவருடையதுதான் என்று கையொப்பமிட்டிருந்தால் அந்தச் சாவியையும் ஏற்கலாம். கையொப்பமிட்டவர்தான் இன்ட்ரொடியூசர்.

சிங்க்திங்கில் அது ஒரு கருவி. ராணிப்பேட்டை ஆபீஸ் கணினி ஒரு கோப்புறையை ஆம்பூர், வாணியம்பாடிக் கணினிகளோடு பகிர்கிறது என்று வையுங்கள். அவை இரண்டும் ராணிப்பேட்டையை இன்ட்ரொடியூசராகக் குறித்துவிட்டால் போதும். நீளமான அடையாள எண்ணைக் கையால் அடிக்காமலே ஒன்றை ஒன்று சேர்த்துக்கொள்ளும். பொதுவான கோப்புறை இல்லாத கருவி இதில் வராது.

இதில் தரகு எங்கே இருக்கிறது? வடாற்காடு தோல் வியாபாரத்தில் தரகர் யார் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பேரம் பேசுவார், கமிஷன் வாங்குவார், சரக்கு அவர் கையைத் தாண்டித்தான் போகும். இங்கே, ஒருமுறை சேர்ந்தபின் ராணிப்பேட்டைக் கணினியை அணைத்துவிட்டாலும் மற்ற இரண்டும் நேராகவே கோப்புகளை மாற்றிக்கொள்ளும். ராணிப்பேட்டை ஒரு கருவியை விலக்கினால் மற்றதிலிருந்தும் அது விலகும், உண்மைதான். ஆனால் அது பொறுப்பேற்றவரின் அதிகாரம், தரகு ஆகாது.

இன்னும் மோசம், 'இடை'. நடுவில் புகுந்து ஒட்டுக்கேட்பதை 'இடையாள் தாக்குதல்' என்கிறோம். எந்த ஆபத்தைத் தவிர்க்க அடையாளத்தைச் சரிபார்க்கிறோமோ, அதே ஆபத்தின் சாயலைக் காவலுக்கு நிற்பவர் மேல் பூசினால் படிக்கிற பிள்ளை என்ன புரிந்துகொள்வான்?

சிலர் 'அறிமுகி' என்கிறார்கள். உலாவி வினையிலிருந்து பிறந்தது, உலாவுவது உலாவி. அறிமுகியில் வினை இல்லை. மதிமுகி போல, தெரிந்த முகம் உடையவள் என்றுதான் காதில் விழுகிறது.

அறிமுகம் என்ற நல்ல சொல் கையிலேயே இருக்கிறது. ஆளானால் அறிமுகர், கருவியானால் அறிமுகக் கருவி. வங்கிக் கணக்கு தொடங்க அறிமுகக் கையெழுத்து கேட்ட காலத்தில் 'தரகர் கையெழுத்து' என்று எவரும் சொன்னதில்லை. அகராதியை மட்டும் புரட்டி மொழிபெயர்க்கிறவர்கள் சிங்க்திங்கை மூன்று போனில் ஒருமுறை போட்டுப் பார்த்திருந்தால், அந்தக் கையேட்டில் இடைத்தரகர் வந்தே இருக்காது.