பஃபர்: தாங்கலா, சூழ்பரப்பா?

வரைபட மென்பொருளில் வரும் ‘பஃபர்’ (buffer) என்ற சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது? ரயில் பெட்டிகள் ஒன்றோடொன்று முட்டும்போது அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள முனையில் ஸ்பிரிங் வைத்த இரும்பு வட்டுகள் இருக்குமே, அவைதான் பஃபர். மெத்தென்ற பொருளில் அடி விழும் ஓசையைக் குறித்த ‘பஃப்’ என்ற பழைய ஆங்கில வினையிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் வந்த பெயர். அப்புறம் அது வேதியியலுக்கும் கணினிக்கும் போய் ஒட்டிக்கொண்டது. அமில காரத்தன்மையைச் சட்டென மாறவிடாத கரைசலைப் பாடநூல் தாங்கல் கரைசல் என்கிறது. தரவு சற்றுக் காத்திருக்கும் நினைவகப் பகுதி, கலைச்சொல் பட்டியல்களில் இடையகம்.

வரைபட மென்பொருளுக்கு இரண்டுமே சரிவராது. அங்கே பஃபர் எதையும் தாங்குவதில்லை, எதற்கும் இடையில் நிற்பதுமில்லை. ஒரு புள்ளி, கோடு அல்லது பரப்பிலிருந்து குறித்த தொலைவுக்குள் அடங்கும் இடம், அவ்வளவுதான். வேடந்தாங்கலில் ஏரியோடு சேர்த்துச் சுற்றிலும் 5 கி.மீ. வரை 1998இல் சரணாலயமாக அறிவித்தார்களே, அது ஒரு பஃபர். (ஊர்ப்பெயர்களில் தாங்கல் என்றாலே நீர்நிலை. ‘வேடந்தாங்கல் தாங்கல்’ என்று எழுதினால் படிப்பவர் பாடு திண்டாட்டம்.)

சூழ்பட்டை எனலாமா? பட்டை என்றால் ஏரியை விட்டுவிட்டுச் சுற்றியுள்ள வளையம் மட்டும் என்று தோன்றும். மென்பொருள் தருவதோ ஏரியையும் உள்ளடக்கிய பரப்பு. வளையம் மட்டும் வேண்டுமானால் ஏரியைத் தனியாகக் கழிக்க வேண்டும். அதனால் என் ஓட்டு சூழ்பரப்புக்கு.

கியூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருளில் மெனு வழியே போனால் சூழ்பரப்பு நேரே அடுக்காக (layer, வரைபடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் தரவுத் தொகுப்பு) வந்துவிடும். பைத்தான் நிரல்மொழியில் எழுதினால் பஃபர் கட்டளை தருவது வெறும் வடிவம். திரையில் ஒன்றும் தெரியாது. அந்த வடிவத்தை ஒரு கூறில் (feature, அடுக்கில் உள்ள ஒரு பதிவு) வைத்து, கூறைப் பலகோண வகை நினைவக அடுக்கில் சேர்த்து, அடுக்கைத் திட்டத்தில் இணைத்தால்தான் வரைபடத்தில் வரும். அதற்கும் முன்னால் ஏரியின் எல்லை, மீட்டரில் அளக்கும் ஆயமுறையான யூடிஎம் 44 வடக்கில் (UTM 44N) இருக்கட்டும். அகலாங்கு நெட்டாங்கிலேயே விட்டுவிட்டு 5000 என்று கொடுத்தால் மென்பொருள் அதை மீட்டராக அல்ல, 5000 டிகிரியாக எடுத்துக்கொள்ளும். ஒரு டிகிரியே சுமார் 111 கி.மீ.! இன்னொன்று, நினைவக அடுக்கு மென்பொருளை மூடினால் போய்விடும். ஜியோபேக்கேஜ் (GeoPackage) கோப்பாகச் சேமித்துவிடுங்கள்.