முதல் பட்டதாரி சலுகை: கவுன்சலிங்குக்கு முன்பே சான்றிதழ் கையில் இருக்கட்டும்

வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கியதில்லை, இப்போதுதான் ஒரு பிள்ளை பொறியியல் சேரப் போகிறது என்றால், அந்தப் பிள்ளையின் கல்விக் கட்டணத்தில் ஒரு பங்கைத் தமிழ்நாடு அரசே ஏற்றுக்கொள்கிறது. 2010-11இல் வந்த திட்டம் இது. எந்தச் சாதி என்று பார்ப்பதில்லை. வருமான வரம்பும் கிடையாது. சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் ஆண்டுக்கு 25,000 ரூபாய் குறையும். நான்கு ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் ஒரு லட்சம்.

ஆனால் இடம் அரசுக் கலந்தாய்வு வழியாகக் கிடைத்திருக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். ப்ளஸ் டூ ரிசல்ட் வருவதற்குள் பதறிப்போய், முன்பணம் கட்டி, கல்லூரி நிர்வாகமே நேரடியாக நிரப்பும் மேனேஜ்மென்ட் கோட்டாவில் சீட் பிடித்துவிடுகிறார்கள். அதே கல்லூரி, அதே பாடப்பிரிவு, பக்கத்து பெஞ்சில் உட்காருபவருக்குச் சலுகை உண்டு, இவருக்கு இல்லை. கலந்தாய்வில் அந்த இடமே கிடைத்திருக்கும் என்று பிறகு தெரிந்தால் எவ்வளவு வேதனை! கட்டணம் கட்டும் முன் தயவுசெய்து ஒருமுறை யோசியுங்கள்.

யார் முதல் பட்டதாரி? அப்பா, அம்மா, இரு பக்கத் தாத்தா பாட்டி, உடன்பிறந்தவர்கள் இவர்களில் யாரும் பட்டதாரியாக இருக்கக் கூடாது. ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான் சலுகை. அக்கா சொந்தச் செலவில் பி.ஏ. முடித்திருக்கிறார், சலுகை எதுவும் வாங்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் தம்பிக்குக் கிடைக்காது, வீட்டில் பட்டதாரி வந்துவிட்டாரே.

சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் விசாரித்த பிறகு மண்டலத் துணை வட்டாட்சியர் கையெழுத்தாகி வரும். குடும்பத்தில் ஒவ்வொருவரும் எதுவரை படித்தார் என்று கேட்பார்கள், டி.சி., ரேஷன் அட்டை, ஆதார் எல்லாம் எடுத்து வையுங்கள். ரிசல்ட் வந்த பிறகு மையங்களில் கூட்டம் அலைமோதும், பரீட்சை முடிந்த கையோடு போய்விடுவது நல்லது. கலந்தாய்வு விண்ணப்பத்தில் முதல் பட்டதாரி என்று குறிப்பிட மறக்காதீர்கள். மாணவரும் பெற்றோரும் சேர்ந்து கையெழுத்திட்ட உறுதிமொழியும் தேவை.

குறைவது கல்விக் கட்டணம் மட்டும்தான். பஸ், விடுதி, தேர்வுக் கட்டணங்கள் தனி. ரசீதில் 25,000 கழித்திருக்கிறதா என்று ஒவ்வோர் ஆண்டும் பாருங்கள்.

ஆறாம் வகுப்பு முதல் ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் இதைவிடப் பெரிய வழி இருக்கிறது. 2021இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாமே அரசின் பொறுப்பு. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினர் வீட்டுப் பிள்ளைகள் பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையை முதலில் பார்க்கட்டும். அங்கும் மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு இடமில்லை. அரசுப் பள்ளி மாணவிக்குப் புதுமைப் பெண், மாணவருக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கிலேயே வரும். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதையும் வாங்கலாம்.